சுமார் ஆயிரத்து முந்நூறு வருஷம்... லாஸ்ட் பிரைஸ்!

போன வாரம் எனக்கு ஒரு விசித்திரமான மாணவி வந்து சேர்ந்தார்.

இந்தப் பத்தியில் அவ்வப்போது இங்கிலீஷ் பற்றி எழுதித் தொலைப்பதால், சந்தேகம் கேட்டு வீடு தேடி வருகிறவர்கள் உண்டு. எல்லோரும் ஒரே ரகம். 'சரளமாப் பேசணும் சார்', 'தப்பில்லாம மெயில் எழுதணும் சார்'. இவரோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"சார், ஒரு விஷயத்த குத்துமதிப்பா சொல்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா வார்த்தைங்கல்லாம் கீதோ, அத்தினியும் எனுக்கு சொல்லிக் குடு. சனிக்கிழமைக்குள்ள."

குத்துமதிப்புக்கு இவ்வளவு துல்லியமான கெடு!

பெயர் ஸ்டெல்லா. நாற்பதைத் தாண்டியவர். மாமல்லபுரத்தில் ஒரு கற்சிலைக் கடையில் பல வருஷம் விற்பனைக்கு நின்றவர். எங்கள் வீட்டு டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கல் யானை இருக்கிறது. அதை நான் வாங்கவில்லை, ஸ்டெல்லா விற்றார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அன்று ஆரம்பித்த பழக்கம். செங்கல்பட்டில் எங்களுக்கு விருந்தாளி யார் வந்தாலும், மாமல்லபுரம் கூட்டிப்போய் ஸ்டெல்லாவிடம் ஒப்படைத்துவிடுவது என் வழக்கம். அவர்களும் ஆளுக்கொரு யானையோடு திரும்புவார்கள்.

சொந்த ஊர் அச்சரப்பாக்கம் பக்கம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கல்யாணமாகி மாமல்லபுரம் வந்தபோது ஸ்டெல்லாவுக்கு இங்கிலீஷில் எஸ், நோ மட்டும்தான் தெரியும். மிச்சத்தைக் கடையில்தான் பொறுக்கினார். ஜெர்மன்காரரிடம் கற்றுக்கொண்டதை இத்தாலிக்காரரிடம் பேசிப் பார்ப்பார். இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் பேச்சு நிற்காது!

இப்போது அந்தக் கடை இல்லை. முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார்.

"நாவலூர்ல ஒரு டூர் கம்பெனி சார். ஐ.டி. ஆபீஸுக்கு வர்ற ஃபாரின் கெஸ்டுங்கள இட்டுகினு வந்து கோயில்லாம் காட்டறாங்க. கூட நடந்து வெளக்கம் சொல்ல ஆள் வோணுமாம். தேறிட்டா லைசென்ஸு, ட்ரெய்னிங்கு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நான் போய்ப் பேசிக் காட்னேன். மேனேஜரு, சின்னப் பையன்தான், வாணாம்னுட்டான்."

"ஏனாம்?"

"கடற்கரைக் கோயிலு எப்ப கட்னதுன்னு கேட்டான். கரெக்டா ஆயிரத்து முந்நூத்தி ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளிக்கெயமைன்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வெள்ளிக்கிழமை யார் சொன்னாங்க?"

"நல்ல நாளு பாத்துத்தானே சார் ஆரம்பிச்சிருப்பாங்க?"

உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "அதானே!" என்றாள்.

அந்த மேனேஜர் நல்ல மனிதர் போலிருக்கிறது. 'இப்படி அடிச்சு விடக்கூடாது மேடம். அபௌட், அரவுண்ட் போட்டுப் பேசிப் பழகுங்க. சனிக்கிழமை கெஸ்ட் வராங்க, ஒரு ட்ரயல் வாக் குடுக்கறேன். அதுல சரியா வந்தா வேலை' என்று இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்.

"இது கெடைக்கலன்னா அதே நாவலூர்ல ஃபிளாட் ஃபிளாட்டா பாத்திரம் தேய்க்கப் போவணும் சார். அந்த வேலய நான் கொறச்சுப் பேசல. எங்க தெருவுல பாதிப் பேர் அதான் செய்றாங்க. ஆனா இத்தினி வருஷம் நாலு தேசத்து ஆளுங்களோட வாயாடிட்டு, இனிமே குக்கர் கூடவா பேசிகினு இருக்க முடியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை. 'விடக்கூடாது ஸ்டெல்லாவை' என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் பாடம் ஆரம்பித்ததும்தான் சிக்கலே புரிந்தது. வார்த்தைகள் அவருக்குப் புதிதில்லை. 'அபௌட்' தெரியும், 'ஆல்மோஸ்ட்' தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"கடைல அதெல்லாம் சொல்லவே கூடாது சார். 'அபௌட் பத்து இன்ச்'சுன்னு சொன்னேன்னு வெச்சுக்க... ஸ்கேல் எடுப்பான். 'பத்து இன்ச்'சுன்னு கெத்தா சொன்னா மூடிகினு வாங்கினு போவான்."

அடேயப்பா! யோசித்துப் பாருங்கள், நாமும் அப்படித்தானே? 'அஞ்சே நிமிஷம், வந்துட்டேன்' என்று போனில் சொல்கிறவர் அப்போதுதான் சட்டை தேடிக்கொண்டிருப்பார். அந்த 'அஞ்சு' ஒரு எண்ணே அல்ல. 'போய்விடாதே, வருகிறேன்' என்கிற ஆறுதல். 'ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் ஆகலாம்' என்று உண்மையைச் சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்வார்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். உங்களுக்கும் பயன்படட்டுமே.

தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. சுமார், ஏறக்குறைய, கிட்டத்தட்ட, தோராயமாக, உத்தேசமாக... போதாததற்கு நாலஞ்சு, ஏழெட்டு, பத்துப் பதினைந்து. 'ஒரு பத்துப் பேர் வந்தாங்க' என்கிறோம். பத்துப் பேர் எப்படி 'ஒரு' ஆவார்கள்? யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷிலும் இதே கூத்து உண்டு. 'சம்' என்பதை எண்ணுக்கு முன்னால் போட்டால் – 'சம் டூ ஹண்ட்ரட் பீப்பிள்' – அது நம்முடைய 'ஒரு இருநூறு பேர்'தான்.

ஸ்டெல்லாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. தமிழில் ஒன்று சொன்னால் இங்கிலீஷில் ஜோடி கேட்டார்.

"எட்டு மணி வாக்குல?"

"அரவுண்ட் எய்ட்."

"பத்து நாள் போல ஆவும்?"

"டென் டேஸ் ஆர் ஸோ. எண்ணுக்குப் பின்னால வரணும் அது."

"நூத்துச் சொச்சம்?"

"எ ஹண்ட்ரட் ஆட்."

"முன்ன பின்ன?"

"கிவ் ஆர் டேக்."

"அட, குடுக்கறதும் வாங்கறதும்! இது நம்ம லைன் சார்!"

'அப்ராக்ஸிமேட்லி'யில்தான் தகராறு. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு, "இத்த நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள கெஸ்டு ஏர்போர்ட்டு போய்டுவான் சார்" என்றார். நியாயம்தான். அது கோப்புக்கும் அறிக்கைக்கும் ஏற்ற வார்த்தை. பேச்சுக்கு 'அபௌட்' போதும். கணக்குப் போட்டுப் பார்க்காமல் கண் மதிப்பாகச் சொன்னால் 'ரஃப்லி'.

'நியர்லி'யும் 'ஆல்மோஸ்ட்'டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியவை. நியர்லி நூறு என்றால் நூறை இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். நூற்றிரண்டுக்கு நியர்லி போடக்கூடாது. ரொம்பப் பேர் போடுகிறார்கள். தாண்டிவிட்டதென்றால் 'ஜஸ்ட் ஓவர்'.

அப்புறம் இந்த 'இஷ்'. ஸிக்ஸ்-இஷ், செவன்-இஷ். சிநேகிதர்களோடு சரி. மேலதிகாரியிடம் வேண்டாம்.

இந்த இடத்தில் என் மனைவி குறுக்கிட்டாள். "நம்ம பொண்ணு 'ஆறு-இஷ் வந்துடறேம்மா'ன்னு சொல்லுவா. எட்டு மணிக்கு வருவா. அதையும் சேர்த்துச் சொல்லிக் குடுங்க."

சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் ஸ்டெல்லா வந்தார். பாடத்தை முழுசாக விழுங்கிவிட்டு வந்திருந்தார் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"குட் ஈவினிங் சார். ஐ டேக் அபௌட் ஒன் பஸ். ஐ ஹேவ் ரஃப்லி டூ சில்ட்ரன். மோர் ஆர் லெஸ் ஒன் ஹஸ்பெண்ட்."

என் மனைவிக்குப் புரையேறி, தலையைத் தட்ட வேண்டியதாகிவிட்டது. ஸ்டெல்லாவின் கணவர் நெம்மேலியில், கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவர். தான் மோர் ஆர் லெஸ் ஆகிவிட்டது பாவம் அவருக்குத் தெரியாது.

"கண்ணால பார்த்து எண்ணக்கூடிய எதுக்கும் அபௌட் கூடாதும்மா. புருஷன் ஒண்ணு. ஐந்து ரதம் ஐந்து. கோயில் கட்டின காலம், பாறையோட எடை – இந்த மாதிரி யாரும் கூட இருந்து பார்க்காததுக்குத்தான் அபௌட்."

அப்படியே இன்னும் இரண்டையும் சொல்லி வைத்தேன். அபௌட் போட்டால் எண் முழுசாக இருக்க வேண்டும். 'அபௌட் ஆயிரத்து முந்நூற்றேழு' என்பது அசட்டுத்தனம். 'அபௌட் பத்து டு பதினைந்து' என்றும் சொல்லக்கூடாது. பத்து டு பதினைந்து என்பதே குத்துமதிப்புதானே? குடைக்குள் எதற்கு இன்னொரு குடை?

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். புறப்படும்போது, "சனிக்கெயம நீயும் வா சார். சும்மா ஒரு ஓரமா நில்லு. தைரியமா இருக்கும்" என்றார்.

போனேன். தொப்பி, தண்ணீர் பாட்டில் சகிதம் சுற்றுலாப் பயணி போல வேஷம் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

மேனேஜர் கார்த்திக், கழுத்தில் ஐ.டி. கார்டு ஆட, வேனிலிருந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு பத்துப் பேர். அதில் ஒருவர் ரொம்ப உயரம். ஹாலந்துக்காரராம். முந்தின நாள் கடைவீதியில் எல்லாவற்றையும் பாதி விலைக்குப் பேசி வாங்கிவிட்ட மிதப்பில் இருந்தார். கழுத்தில் மூன்று சிப்பி மாலை!

வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் ஸ்டெல்லா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெயிட், சம் டூ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி டன்ஸ். நோபடி லிஃப்டட் அண்ட் செக்ட்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் 'சம்' அல்லவா அது!

அடுத்து அர்ச்சுனன் தபசு. பாறையில் தவம் செய்கிறவர் யார் என்பதில் சர்ச்சை உண்டு. "மேபி அர்ஜுனா, மேபி பகீரதா. பிக் பிக் பீப்பிள் ஸ்டில் ஃபைட்டிங்." ரதங்கள். "ஃபைவ். நாட் அபௌட் ஃபைவ். யூ கேன் கவுண்ட்." கார்த்திக்கின் முகத்தில் திருப்தி தெரிந்தது. நான் தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

கடைசியாகக் கடற்கரைக் கோயில்.

"திஸ் டெம்பிள், அபௌட் தர்ட்டீன் ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்ட்."

அருமை. முழு எண், அதற்கேற்ற அபௌட், வெள்ளிக்கிழமையும் இல்லை. நான் நிம்மதியாகப் பாட்டிலைத் திறந்தேன்.

ஹாலந்துக்காரர் கோபுரத்தை ஏற இறங்கப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். "தர்ட்டீன் ஹண்ட்ரட்? ரியலி? லுக்ஸ் லெஸ் டு மீ."

அவ்வளவுதான். ஒரு எண்ணைச் சொல்லி, எதிரே இருப்பவர் புருவத்தைத் தூக்கினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஸ்டெல்லாவின் நாக்குக்குப் பல வருஷப் பழக்கம். அது மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

"ஓகே ஸார். ஃபார் யூ... ட்வெல்வ் ஃபிஃப்டி."

எனக்குத் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

ஹாலந்துக்காரர் ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. முந்தின நாள் கற்ற வித்தை! "நைன் ஹண்ட்ரட்" என்றார்.

"அய்யோ, நைன் ஹண்ட்ரட் இம்பாஸிபிள் ஸார்! குட் குவாலிட்டி ஸ்டோன்! ஹேண்ட் வொர்க்!"

அந்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம். கடலைப் படம் எடுக்கலாம் என்று திரும்பினார். கடைக்காரர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் திரும்பி நடந்தால் என்ன அர்த்தமென்று. ஸ்டெல்லா பின்னாலேயே ஓடினார்.

"ஸார், ஸார், டோன்ட் கோ! ட்வெல்வ் ஹண்ட்ரட்! லாஸ்ட் பிரைஸ்!"

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் ஸ்டெல்லாவுக்கு உறைத்தது, தான் எங்கே நிற்கிறோம், எதை விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று. கை தானாக வாய்க்குப் போனது. முகம் செத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் பாடம் நடத்தி என்ன பயன்? சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் கார்த்திக். "மேடம்..." என்றபடி முன்னால் வந்தார். அந்த 'மேடம்' கேட்க நன்றாகவே இல்லை.

ஸ்டெல்லா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஸாரி ஸார். மெனி இயர்ஸ் ஐ வாஸ் இன் ஷாப். இன் ஷாப், ஐ ஸே ஒன் நம்பர், கஸ்டமர் ஸே ஒன் நம்பர், மிடில்ல ஃபினிஷ். ஹியர் நோ ஷாப். தட் டைம் யூ நாட் தேர், ஐ நாட் தேர். ஸோ, அபௌட் தர்ட்டீன் ஹண்ட்ரட். கிவ் ஆர் டேக், லிட்டில். தட் ஆல்ஸோ படிச்சவங்க ஸே, நாட் மீ. பிலோ தட்... ஐ கெனாட் கிவ், ஸார். எனக்குக் கட்டுப்படி ஆகாது."

கடைசி வரி தமிழில்தான் வந்தது. ஆனால் அத்தனை பேருக்கும் புரிந்தது! ஹாலந்துக்காரர் கையை நீட்டினார். "தர்ட்டீன் ஹண்ட்ரட். டீல்!" ஸ்டெல்லா குலுக்கினார். கைதட்டல். ஒரு பெண்மணி ஸ்டெல்லாவைக் கட்டிக்கொண்டார். நான் வேஷத்தை மறந்து விசிலடித்துவிட்டேன்.

நினைத்துப் பார்த்தால், ஸ்டெல்லா செய்ததில் என்ன பெரிய தவறு? ஒரு பழைய கோயில் என்றால் படித்தவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்? ஒருவர் ஐம்பது வருஷம் ஏற்றிச் சொல்வார். இன்னொருவர் இறக்கிக் கேட்பார். நடுவில் ஒரு இடத்தில் கை குலுக்கி, முன்னால் ஒரு 'அபௌட்' போட்டுப் புத்தகத்தில் அச்சடிக்கிறார்கள்.

எல்லோரும் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கார்த்திக் ஸ்டெல்லாவிடம் வந்தார். அவருக்கும் இப்போது சிரிப்பு வந்திருந்தது.

"சூப்பர் மேடம். கெஸ்ட் எல்லாம் செம ஹேப்பி. ஆல்மோஸ்ட் கன்ஃபர்ம்னே வெச்சுக்கோங்க. ஒரு ரெண்டு மூணு வாரத்துல, மோர் ஆர் லெஸ், ஆபீஸ்லருந்து கூப்பிடுவாங்க."

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? 'தேங்க்யூ சார்' என்று பல்லைக் காட்டிவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் காத்திருந்திருப்பேன். நீங்களும்தான். 'பார்க்கலாம்', 'சொல்லி அனுப்பறோம்', 'கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்' – இந்த வார்த்தைகளை நம்பிக் காத்திருக்காதவர் நம் ஊரில் உண்டா?

ஸ்டெல்லா நகரவில்லை.

"சார், அந்த ஆல்மோஸ்ட்ட எடுத்துடு."

"என்ன மேடம்?"

"அந்த மோர் ஆர் லெஸ்ஸையும் எடுத்துடு. கல்லுக்கு அபௌட் போட்டா சரி சார். நூறு வருஷம் கூடக் கொறைய ஆனாலும் அதுக்கு ஒன்னியும் ஆவாது, அது பாட்டுக்கு நின்னுகினு கீது. எனுக்கு அப்டியா? திங்கக்கெயம எங்க போறதுன்னு எனுக்குத் தெரியணும். வேல உண்டா, இல்லியா? உண்டுன்னா என்னிக்கி, எத்தினி மணிக்கு?"

குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. கார்த்திக் நெற்றியைத் தேய்த்தார். வேன் ஜன்னலிலிருந்து ஹாலந்துக்காரர் தலையை நீட்டி, "நெக்ஸ்ட் வீக் மை பாஸ் இஸ் கமிங். ஷீ மஸ்ட் டேக் ஹிம்!" என்று கத்தினார். கார்த்திக் போனை எடுத்துக்கொண்டு சவுக்கு மரத்தடிக்குப் போனார். யாரிடமோ பேசினார். நானும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வந்தார். "திங்கட்கிழமை. நாவலூர் ஆபீஸ். காலைல ஒன்பது மணி. வேலை உங்களுக்குத்தான் மேடம்."

"ஒன்பதா சார், ஒன்பது-இஷ்ஷா?"

"ஒன்பது மேடம்!" என்று சிரித்துவிட்டார் கார்த்திக்.

ஸ்டெல்லா அதற்கப்புறம்தான் அழுதார். நல்ல அழுகை. நான் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒன்பதரை வாக்கில் போன் போட்டேன். உடனே எடுத்தார்.

"ஸ்டெல்லா, என்னம்மா ஆச்சு? போயிட்டீங்களா? உட்கார வெச்சாங்களா? என்ன சொன்..."

"சார், டூட்டில கீறேன். அப்பால பேசு!"

டக்.

என் போனை ஒருவர் பாதியில் வைத்ததற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.